இளைப்பாறும் வீட்டில் இளைப்பாறாதவர்

தியானப் பகுதி: உபாகமம் 5:12-15



மே மாதம் பிறந்ததும் நம் ஆலயத்தின் பின்வரிசைகள் காலியாவதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அதைக் குறித்து நான் குறைப்பட்டுக்கொள்வதில்லை. அஸ்தினாபுரத்திலும் செம்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் குடியிருக்கும் நம்மில் பலர், தாம்பரம் நிலையத்தில் திருச்செந்தூர் வண்டி ஏறி, மறுநாள் விடியும்போது பனைமரங்களைப் பார்த்துக் கண்விழிக்கிறவர்கள். பதினொரு மாதம் நகரத்தில் உழைத்துவிட்டு ஒரு மாதமாவது ஊர் வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார விரும்புவது பாவமன்று. நானும் அப்படிப் போகிறவன்தான்.

இவ்வாரம் அந்த ஊர் வீட்டைப் பற்றியே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் பிரசங்கித்த ஒரு சத்தியத்தை என் சொந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் மீறி வந்தேன் என்பதை அந்த வீடு எனக்குக் காட்டிக்கொடுத்தது. ஆகவே இதைப் போதனையாக மட்டுமன்றி, பாவ அறிக்கையாகவும் வாசியுங்கள்.

எங்கள் வீடு நாசரேத்துக்குச் சற்றுத் தள்ளி, தேரிமண் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மிஷன் பள்ளி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் இருந்த என் தாத்தா 1938இல் மண்சுவர் எழுப்பி, பனங்கை பரப்பி, பனையோலை வேய்ந்து அதைக் கட்டினார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கூரையைப் பிரித்த இரவில் குடும்பமே வானத்தின் கீழ் படுத்திருக்கும் என்று என் தந்தையார் சொல்வார். 1959இல் அவர் சென்னையில் வேலைக்கு வந்த பிறகு அனுப்பிய பணத்தில், ஓலை போய் மங்களூர் ஓடு வந்தது. அந்த ஓட்டுக்கும் ஒரு திருச்சபை வரலாறு உண்டு. பாசல் மிஷனைச் சேர்ந்தவர்கள் 1865இல் மங்களூரில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். விசுவாசத்தினிமித்தம் சாதியும் தொழிலும் இழந்து நின்றவர்களுக்கு வேலை கொடுப்பது அவர்களது நோக்கங்களில் ஒன்று. அந்த ஓடு தென்னிந்தியாவெங்கும் வீடுகளை மூடியது.

1986இல் என் தந்தையாரும் சித்தப்பாவும் சேர்ந்து முன்கட்டை இடித்து மட்டப்பா போட்டார்கள். பின்கட்டில் மட்டும் ஓடு நின்றது. அடுக்களையும் அங்கேதான். சித்தப்பா ஊரிலேயே இருந்து பனையையும் கிணற்றுத் தோட்டத்தையும் கவனித்துக்கொண்டார். நாங்கள் சென்னைக்காரரானோம். அவருடைய வீடு எங்களுக்கு விடுமுறை வீடாயிற்று. பதநீரும் நுங்கும் கருப்பட்டிப் பணியாரமும், மாலையில் கிழக்கேயிருந்து வரும் கடற்காற்றும் எங்கள் பிள்ளைப் பருவத்தின் பரலோகம். அந்தப் பரலோகத்தில் பதநீரை வடிகட்டியவர், பணியாரம் சுட்டவர், பதினைந்து பேருக்குத் தண்ணீர் இறைத்தவர் யார் என்று நாங்கள் கேட்டதில்லை. அது சித்தி.

சித்தப்பா 2012இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர்களுடைய ஒரே மகள் மணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். சித்தி தனியே அந்த வீட்டில் இருந்தார். வருடத்தில் பதினொரு மாதம் அவர் ஒருவருக்கு அந்த வீடு பெரியது. பன்னிரண்டாம் மாதம் எங்கள் எல்லாருக்கும் அது சிறியது. எனவே 2023இல், மூன்றாம் தலைமுறையாகிய நாங்கள் அதைப் புதுப்பிக்கத் தீர்மானித்தோம்.

திட்டம் அஸ்தினாபுரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தயாரானது. கட்டடப் பொறியாளராகிய என் அண்ணன் மகன் அழகாக வரைந்தான். அண்ணன், நான், என் தங்கை, சித்தப்பா மகள் என நான்கு குடும்பங்களுக்கு நான்கு படுக்கையறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, குளிரூட்டி. பழைய அடுப்படி போய் கருங்கல் மேடையிட்ட புதிய சமையலறை. செலவைப் பகிர்ந்துகொண்டோம். சித்தப்பா மகளிடம் தொலைபேசியில் கேட்டோம். "அண்ணன்மார் பார்த்துச் செய்தால் சரி" என்றாள். சித்தியிடம் கேட்டோமா? தெரிவித்தோம். கேட்பது வேறு, தெரிவிப்பது வேறு.

அளவு எடுக்கும் நாளில் நான் ஊரில் இருந்தேன். நூல் பிடித்துக்கொண்டே வந்த கொத்தனார், வரைபடத்தை ஒருமுறை பார்த்தார், மறுமுறையும் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு கேட்டார்:

"ஐயா, நாலு ரூமு நாலு குடும்பத்துக்குச் சரிதான். வருசம் பூரா இங்க இருக்க ஆச்சிக்கு எது?"

நான் உடனே, சித்தி தன் மகளின் அறையில் படுத்துக்கொள்வார் என்றேன். "அப்போ மகளும் மருமகனும் பிள்ளைகளும் வந்தா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அடுக்களை வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சித்தி எனக்காகப் பதில் சொன்னார்: "நான் அடுக்களையிலயே படுத்துக்கிடுவேன் தம்பி. எப்பவும் அப்படித்தான. நீங்க நாலு நாள் வந்து நல்லா இருந்துட்டுப் போனாப் போதும்."

எப்பவும் அப்படித்தான். அந்த வார்த்தை என்னைக் குத்தியது. ஐம்பது மே மாதங்களை நினைத்துப் பார்த்தேன். நாங்கள் முன்கட்டில் காற்றாட உறங்கிய ஒவ்வோர் இரவும் அவர் எங்கே உறங்கினார் என்பது எனக்கு நினைவிலேயே இல்லை. நான் பார்த்திருந்தால்தானே நினைவிருக்கும்!

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் அமெரிக்க மதுரை மிஷனின் வரலாற்றை வாசித்தது நினைவுக்கு வந்தது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அந்தக் குடும்பங்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் பிள்ளைகளையும் துணைகளையும் பறிகொடுத்தன. சிறுமலையில் ஓய்விடம் தேடினார்கள். அங்கேயும் மலேரியா விடவில்லை. பிறகு பழனி மலையின் உச்சிக்கு ஏறி, 1845இல் கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் சுற்றுலா போகும் கொடைக்கானல் நகரம் அந்த இரண்டு வீடுகளிலிருந்து வளர்ந்தது. ஏரி அமைந்தது 1863இல். மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது 1901இல்.

அந்த மலை பலருக்கு இளைப்பாறுதல் தந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட பேராயர் கால்டுவெல், வெயிலும் மணலும் நிறைந்த இடையன்குடியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். அவர் 1891 ஆகஸ்டு 28 அன்று கண்மூடியது கொடைக்கானலில்தான். ஆனால் அடக்கம் செய்யப்பட்டது, 1847இல் தொடங்கி 1880இல் தாம் கட்டி முடித்த இடையன்குடி ஆலயத்தில். வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார், மூன்று தலைமுறை மிஷனரிக் குடும்பத்தில் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவரும் 1960இல் கொடைக்கானலிலுள்ள தம் இல்லத்தில்தான் ஓட்டத்தை முடித்தார். அந்த வீடுகளை நான் ஏளனமாகப் பேசமாட்டேன். பிள்ளையைப் புதைத்த தாய் குளிர்ந்த காற்றைத் தேடுவதைக் குறைசொல்ல யாருக்கு உரிமை?

ஆனாலும் மாணவனாக நான் பார்த்த ஒரு பழைய புகைப்படம் அன்றிரவு திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது. மலைச்சாலை திறக்கப்படும்வரை, பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஏற வேண்டும். பெண்களையும் பிள்ளைகளையும் நோயாளிகளையும் நாற்காலியிலும் டோலியிலும் வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து சென்றார்கள். அந்தப் படத்தில் நாற்காலியில் அமர்ந்தவர் யாரென்று கீழே எழுதியிருந்தது. சுமந்தவர்கள் பெயர் இல்லை. இருபது வயதில் அதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. வெள்ளைக்காரர் இளைப்பாற நம்மவர் சுமந்தார்கள் என்று விடுதியில் ஆவேசமாகப் பேசினேன். ஐம்பதைத் தாண்டிய வயதில், தேரிக்காட்டு வீட்டின் முன்கட்டில் படுத்துக்கொண்டு, அதே படத்தில் என்னை நாற்காலியில் கண்டேன். சுமந்தவர் பின்கட்டில் தரையில் படுத்திருந்தார்.

பிரியமானவர்களே, ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தில் அதற்குக் காரணம் படைப்பு. தேவன் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தபடியால் நீங்களும் ஓய்ந்திருங்கள் என்பது அதன் சாரம். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் மோசே அதே கட்டளையைத் திரும்பச் சொல்லும்போது காரணம் மாறுகிறது. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததை நினை என்கிறார். செங்கல் அறுத்தவனுக்குத்தான் ஓய்வின் அருமை தெரியும். எனவே அங்கே ஒரு நோக்கமும் சேர்க்கப்படுகிறது: உனக்குக் கிடைக்கிற அதே இளைப்பாறுதல் உன் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் கிடைக்க வேண்டும். மாட்டுக்கும் கழுதைக்கும்கூட அதில் பங்கு உண்டு. உன் வாசலுக்குள் இருக்கும் அந்நியனுக்கும் உண்டு.

அந்தப் பட்டியலை நிதானமாக வாசியுங்கள். மகன் உண்டு, மகள் உண்டு, பணியாளர் உண்டு, விலங்குகள் உண்டு. மனைவி என்று தனியாகச் சொல்லப்படவில்லை. 'நீ' என்னும் அழைப்பிலேயே கணவனும் மனைவியும் அடங்குவர் என்று வேத விளக்கவுரையாளர்கள் சொல்வார்கள். அப்படித்தான் நானும் கற்பித்திருக்கிறேன். ஆனால் நம் வீடுகளின் நடைமுறை வேறாக இருக்கிறது. அந்த 'நீ' ஆணோடு நின்றுவிடுகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து ஓய்வுநாளின் மகிழ்ச்சியோடு நாம் வீடு திரும்பும்போது, கறிக்குழம்பின் வாசனை நம்மை வரவேற்கிறது. அந்தக் குழம்பு தானாக வேகவில்லை. மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு நம் அடுக்களைக்குக் கிடைத்திருக்கிறதா?

ஊரிலிருந்து திரும்பியதும் வீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கே எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. தாத்தா உயில் எழுதவில்லை. கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாதபோது மகன் என்றும் மகள் என்றும் பார்ப்பதில்லை. பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு. ஆனால் 1971இல் என் இரண்டு அத்தைமாரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதியிருந்தார்கள். விரும்பித்தான் எழுதினார்களா என்று எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. அதன்பின் வீட்டில் பாதி என் தந்தையாருக்கும் பாதி சித்தப்பாவுக்கும் ஆயிற்று. கணவன் உயிலின்றி இறந்து பிள்ளைகளும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. ஆக, மொத்த வீட்டில் சித்தியின் பங்கு ஆறில் ஒன்று. என் தந்தையாரின் பாதி இன்று எங்கள் மூவருக்கும் உரியது. அதில் என் பங்கும் ஆறில் ஒன்று!

எனக்குச் சமமான பங்குடையவர் என் விடுமுறைக்காக அடுக்களையில் படுத்திருந்தார். அவருக்கு உதவி செய்வதாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். வரைபடத்தை மாற்ற வேண்டும், கிழக்குப் பார்த்த முன்னறை சித்திக்கு, மீதி மூன்று அறைகளை நாம் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்றேன். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. அதிகப் பணம் போட்டவர் அவர். "பிரசங்கத்தைக் கோயிலோடு வைத்துக்கொள்" என்று பதில் வந்தது. அவர் அப்படிச் சொன்னதற்கு நானும் காரணம். ஐம்பது ஆண்டுகள் வாய் திறவாதவன் ஒரே இரவில் தீர்க்கதரிசியானால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? என் செய்தியில் மனத்தாழ்மையைக் காட்டிலும் கண்டிப்பே மிகுந்திருந்தது. பின்பு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டத்துக்கு அவர் சம்மதித்தார். ஆனால் அந்தக் கசப்பு இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

உயிரோடிருக்கும் இளைய அத்தையையும் போய்ப் பார்த்தேன். அந்த 1971ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் பற்றித் தயங்கித் தயங்கிப் பேசி, எங்கள் தகப்பன்மார் சார்பில் மன்னிப்புக் கேட்டேன். எண்பத்து நான்கு வயதில் அவர் சிரித்தார். "பங்கு வேண்டாம்னுதான ஐயா கையெழுத்துப் போட்டேன்? வீட்டுக்கே வரமாட்டேன்னு போடலியே. இத்தனை வருசத்துல ஒரு மே மாசத்துக்காவது என்னைய வான்னு கூப்பிட்டீங்களா?" என்றார். சொத்தைப் பற்றிய கணக்கை எடுத்துக்கொண்டு போன எனக்கு அவர் வேறொரு கணக்கைக் காட்டினார்.

வேலை சென்ற ஆண்டு முடிந்தது. கிழக்கறையில் சித்தியின் கட்டில். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை. புதிய சமையலறை ஒருபுறம் இருந்தாலும், பின்கட்டில் ஓட்டுக்கூரையும் பழைய அடுப்பும் சித்தியின் விருப்பப்படி அப்படியே இருக்கின்றன. தாத்தா பரப்பிய பனங்கைகளில் நான்கு இன்றும் உறுதியாக நிற்கின்றன. கொத்தனார் அவற்றைத் தட்டிப் பார்த்து, "இது நமக்கு அப்புறமும் நிக்கும்" என்றார்.

இந்த மே மாதம் போனபோது, சமையல் எங்கள் வேலை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். ஆண்களும் முறைவைத்துச் சமைத்தோம். முதல் நாள் சித்திக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு முறை அடுக்களைக்கு வந்து, "உப்புப் பார்க்கட்டுமா?" என்றார். நான் வைத்த குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டதே அவருடைய பெருந்தன்மை. இரண்டாம் நாள் ஏதோ குற்றம் செய்தவர் போலக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு எடுத்துப் பழகாதவருக்கு ஓய்வும் பாரமாக இருக்கும் என்று அப்போது அறிந்தேன். எகிப்திலிருந்து வெளியே வர ஓர் இரவு போதுமாயிருந்தது. ஆனால் இஸ்ரவேலர் இளைப்பாறக் கற்றுக்கொள்ள நாற்பது வருடம் ஆயிற்று. மூன்றாம் நாள் மாலை சித்தி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அத்தை. முதன்முறையாக அவர்களை அழைத்திருந்தோம். இருவரும் நாங்கள் கேட்டேயிராத கதைகளைப் பேசினார்கள். பேச்சு நடுவில் சித்தி அப்படியே கண்ணயர்ந்தார். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் பகலில் உறங்கி நான் பார்த்தது அதுவே முதன்முறை.

அண்ணன் இவ்வாண்டு வரவில்லை. அவருக்குரிய அறையைப் பூட்டாமல், விரிப்பு மாற்றி வைத்துவிட்டு வந்தோம். அவருக்காக ஜெபிக்கிறேன். எனக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

சபையாரே, நமக்கும் ஊரில் வீடுகள் உண்டு. சிலவற்றில் வயதான தாய் இருக்கிறார். சிலவற்றில் மணமாகாத அத்தையோ, விதவையான மதினியோ, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பமோ இருக்கிறது. அடுத்த முறை பயணச்சீட்டு எடுக்குமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் இளைப்பாறும்போது என்னைச் சுமக்கிறவர் யார்? அந்த வீட்டில் அவர் படுப்பது எங்கே? வீடு பிரிக்கப்படாமல் இருந்தால் பெண்மக்களின் பங்கு என்னவென்றும் விசாரியுங்கள். செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயின் முன்பாக வந்து நின்று தங்கள் பங்கைக் கேட்டபோது, அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பளித்தவர் கர்த்தரே. எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை வீட்டில் சேர்ந்து வாசியுங்கள். ஊருக்குப் போகாதவர்கள் இந்த ஞாயிறு மதியமே தொடங்கலாம். அடுக்களை அருகில்தான் இருக்கிறது.

நிலம் தம்முடையது, நாம் அதில் அந்நியரும் தங்கிப் போகிறவர்களுமே என்பதை லேவியராகமம் 25இல் ஆண்டவர் தெளிவாக்குகிறார். தாத்தாவின் ஓலையும் தகப்பனாரின் ஓடும் எங்கள் சிமெண்டும் ஒரு நாள் போகும். அதன் கீழ் யாருக்கெல்லாம் இளைப்பாறுதல் கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் அவரிடத்தில் நிற்கும்.

ஜெபம்: வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை அருகில் அழைத்த ஆண்டவரே, எங்கள் பாரத்தைச் சுமப்பவர்களைக் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். நீர் எங்களுக்குத் தந்த வீடுகளில், எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு எங்களோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கச் செய்யும். பிரிந்திருக்கும் சகோதரரை ஒரே பந்தியில் சேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்